கோபுரத்தில் பாலிமர் படியாமல் காக்கும் சேவை: 15 மாத அனுபவம்

2023 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் ஆலையில் திரவத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிப் பிரித்தெடுக்கும் வடிகோபுரத்தில், ஆள் நுழையும் மேல் மேன்ஹோலின் கடைசி போல்ட்டைக் கழற்றி மூடியை விலக்கியபோது, காலிஃபிளவரைக் கவிழ்த்து வைத்ததுபோல் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பாலிமர் பூத்திருந்தது. மூடியின் உட்புறத்தில் இரண்டு விரற்கடை கனத்துக்கு ஒட்டியிருந்த அதை, முப்பது ஆண்டுகளாகச் சிப்காட் ஆலைகளில் வேலை பார்த்துவரும் எங்கள் ஃபிட்டர் அண்ணன் சுரண்டிப் பார்த்துவிட்டு, "சார், இது வழிச்சி எடுக்கிற சரக்கு இல்ல, பொரி கட்டிப்போச்சு, உளிதான் வைக்கணும்" என்றார். அந்தத் தீபாவளியை நாங்கள் எட்டுப் பேர் ஆலையிலேயே கழித்தோம். டொலுயினில் இரண்டு நாள் ஊறவைத்தும் கரையாத கட்டிகளை, கோபுரத்துக்குள் ஆவியும் திரவமும் கலந்து பழகுவதற்காக நிரப்பியிருக்கும் பேக்கிங்கின் மேலடுக்கோடு சேர்த்து வெளியே எடுத்துப்போட்டுவிட்டு, புதுப் பேக்கிங் வந்து சேரும்வரை உற்பத்தியை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

கடலூர் சிப்காட்டில் அக்ரிலேட் எஸ்டர் தயாரிக்கும் நடுத்தர ஆலை ஒன்றின் உற்பத்திப் பிரிவை நான் கவனித்துவருகிறேன். மேலே சொன்ன நிறுத்தத்துக்குப் பிறகு, 2024 ஜனவரியில், புதுச்சேரியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தோடு பாலிமர் தடுப்புக்கென்று ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டோம். பாலிமர் உருவாகாமல் தடுக்கும் மருந்தான இன்ஹிபிட்டர் டிரம்கள், அந்த மருந்தைச் செலுத்தும் டோசிங் பம்ப் தொகுதி, மாதம் ஒருமுறை பொறியாளர் வருகை, மாதிரிகளின் ஆய்வு ஆகிய நான்கும் அதில் அடங்கும். நிறைகளோடு குறைகளையும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதேபோன்ற சேவையை வாங்க நினைப்பவர் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இந்த அனுபவம் பயன்படட்டும் என்றே எழுதுகிறேன். வடிகோபுரத்தை ஆலையில் நாங்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் 'காலம்' (column) என்றுதான் சொல்வோம். எழுத்தில் அது வேறு பொருளோடு மயங்கும் என்பதால் இங்கே கோபுரம் என்கிறேன்.

இதற்கு முன் எட்டு ஆண்டுகள் ஒரு விற்பனையாளரிடமிருந்து இன்ஹிபிட்டரை டிரம்மாக மட்டும் வாங்கிக்கொண்டிருந்தோம். கோபுரம் அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் அவரிடமிருந்து வந்த யோசனை ஒன்றே ஒன்றுதான்: அளவைக் கூட்டுங்கள். நாங்களும் கூட்டினோம். சரக்கின் நிறம் மஞ்சளாகி வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினார்; மேல்மூடியில் பாலிமர் மட்டும் முன்போலவே வளர்ந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூடக் கோபுரத்தின் மேல் தளத்துக்கு ஏறிப் பார்த்ததில்லை. அவரை ஏறச் சொல்லி நாங்களும் கேட்டதில்லை.

அளவைக் கூட்டியும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் எளிது. அக்ரிலேட் மோனோமர் மூலக்கூறுகளுக்கு ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகும் இயல்பு பிறவியிலேயே உண்டு; அந்தச் சங்கிலிதான் பாலிமர். சூடு அதைத் தூண்டும். துருவும் பெராக்சைடும் இன்னும் விரைவுபடுத்தும். அதனால்தான் கோபுரத்தை வேக்குவத்தில் இயக்கி, கொதிக்கும் வெப்பநிலையைத் தாழ்த்துகிறோம். அதனால்தான் எங்கள் மூலப்பொருளான அக்ரிலிக் அமிலம் டேங்கரில் வரும்போதே 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) அளவுக்கு எம்இஎச்க்யூ என்ற இன்ஹிபிட்டர் கலந்து வருகிறது. ஆனால் அக்ரிலிக் அமிலம் 141 பாகை செல்சியஸில் கொதிக்க, எம்இஎச்க்யூவோ 243 பாகையில்தான் கொதிக்கும். ஃபீனோதயசின் என்கிற இன்னொரு இன்ஹிபிட்டர், சுருக்கமாகப் பிடிஇசட், கொதிக்க 371 பாகைவரை போக வேண்டும். ஆகவே மோனோமர் ஆவியாகி மேலே ஏறும்போது அதன் காவலாள் அடியிலேயே தங்கிவிடுகிறான். மேல்மூடியிலும், மேன்ஹோல் கழுத்திலும், ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சருக்குப் போகும் குழாயின் வளைவிலும் ஆவி குளிர்ந்து துளியாக நிற்கும்போது, அந்தத் துளியில் இன்ஹிபிட்டர் அறவே இல்லை. அடியில் நாம் எவ்வளவு கொட்டினாலும் அது அந்தத் துளிக்குப் போய்ச் சேராது.

இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. எம்இஎச்க்யூ வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். சங்கிலியைத் தொடங்கிவைக்கும் தனி உறுப்பை (free radical) முதலில் ஆக்சிஜன் பிடித்து வேறொரு வடிவத்துக்கு மாற்ற, அந்த வடிவத்தைத்தான் எம்இஎச்க்யூ அடக்குகிறது. நாங்களோ வேக்குவத்தில் ஓட்டுகிறோம். போதாக்குறைக்கு, பாதுகாப்பு என்று நம்பி எல்லா இடத்திலும் நைட்ரஜனை நிரப்பிக்கொண்டிருந்தோம். காவலாளை வைத்துவிட்டு அவனுக்குச் சோறு போடாத கதைதான். பிடிஇசட் ஆக்சிஜன் இல்லாமலும் வேலை செய்யும் என்பது உண்மை; ஆனால் அது ஆவியாகவே ஆகாத சரக்கு என்பதால் அடிப்பகுதிக்கு மட்டுமே காவல்.

இந்தச் சேவையின் முதல் இரண்டு நாள்தான் என் கண்ணில் அதன் முழு மதிப்பும். நெய்வேலிக்காரரான இளம் பொறியாளர் ஒருவர் வந்தார். டிரம் கணக்கையோ அடிப்பகுதி வெப்பநிலையையோ அவர் முதலில் கேட்கவில்லை. தீபாவளியின்போது மேன்ஹோலைத் திறந்து எடுத்த புகைப்படங்களைக் கேட்டார். பிறகு கோபுரத்தின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு உச்சியிலிருந்து அடிவரை ஏறி இறங்கி, திரவம் அசையாமல் நிற்கக்கூடிய இடங்களையும், ஆவி குளிர்ந்து வழியக்கூடிய இடங்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டார். பதினொரு வட்டங்கள் வந்தன. அவற்றில் நான்கு, பழைய காலத்தில் ஏதோ காரணத்துக்காக வைத்து, பிறகு யாரும் பயன்படுத்தாமல் குருட்டுத் தட்டு போட்டு மூடிய குழாய் முனைகள். நான் பத்து ஆண்டுகளாகத் தினமும் கடந்துபோகும் குழாய் முனைகள் அவை. அவற்றை ஓர் ஆபத்தாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அசையாமல் நிற்கும் மோனோமர் என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் 12 உயிர்களைப் பறித்த ஸ்டைரீன் தொட்டியில் வெப்பமானி அடிப்பகுதியில் மட்டுமே இருந்தது. மேலே திரவம் சூடேறிக்கொண்டிருந்ததை அது காட்டவில்லை. 2012 செப்டம்பர் 29 அன்று ஜப்பானின் ஹிமேஜியில் அக்ரிலிக் அமிலத் தொட்டி வெடித்துத் தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தபோதும், தொட்டியின் மேற்பகுதித் திரவம் சுழற்சி இல்லாமல் நின்றுபோனதுதான் தொடக்கம். 2019 நவம்பர் 27 அன்று டெக்சஸின் போர்ட் நெச்சஸில் பியூட்டாடையீன் ஆலை வெடித்தது, ஓட்டமில்லாத ஒரு குழாய்த் துண்டுக்குள் இதே பொரிப் பாலிமர் வளர்ந்து குழாயைப் பிளந்ததால். பொரிப் பாலிமரின் தன்மை அப்படி: ஒரு சிறு விதை ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், சுற்றியிருக்கும் மோனோமரை இழுத்து இழுத்து உள்ளிருந்தே வீங்கும், இரும்பையும் தள்ளும். அந்தப் பொறியாளர் இந்த மூன்று நிகழ்வுகளையும் எங்கள் ஆபரேட்டர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் தமிழில் விளக்கிச் சொன்னார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வகுப்பு எழுதப்படவில்லை.

அவர்கள் செய்த மாற்றங்களில் பெரியது, இன்ஹிபிட்டரை ஓரிடத்தில் கொட்டுவதை நிறுத்தி மூன்று இடங்களில் பிரித்துக் கொடுத்தது. அடியில் சரக்கைக் கொதிக்கவைக்கும் ரீபாய்லருக்குப் பிடிஇசட். மேலே, ஆவி குளிர்ந்து திரவமாகிக் கோபுரத்துக்கே திரும்பும் ரிஃப்ளக்ஸோடு எம்இஎச்க்யூ. நடுவில் சரக்கு நுழையும் இடத்தில் ஹைட்ராக்ஸி டெம்போ மிகச் சிறிய அளவில். இந்த மூன்றாவது மருந்து ஆக்சிஜன் இல்லாமலேயே தனி உறுப்புகளை உடனுக்குடன் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிடிக்கப் பிடிக்கத் தானும் தீர்ந்துபோகும், வலுவான அமிலம் பட்டால் கெட்டும் போகும். எஸ்டர் தயாரிக்க அமில வினையூக்கி பயன்படுத்துபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: முன்னால் இருக்கும் நடுநிலைப்படுத்தும் கட்டத்தில் அமிலம் தப்பி வந்தால், காசு கொடுத்து வாங்கிய மருந்து கோபுரத்துக்குள் நுழைந்த கையோடு வீணாகிவிடும். எங்களிடம் அப்படித் தப்பிவருவதை அவர்களே மாதிரி எடுத்துக் கண்டுபிடித்து, அதைச் சரிசெய்யும்வரை டெம்போவைத் தொடங்க மறுத்துவிட்டார்கள். விற்பனை குறைந்தாலும் பரவாயில்லை என்று நின்ற அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ரிஃப்ளக்ஸ் திரவம் முன்பு ஒரே குழாயில் பேக்கிங் மேல் விழுந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பங்கைப் பிரித்து, மேல்மூடியின் உட்புறத்தையும் மேன்ஹோல் கழுத்தையும் எப்போதும் நனைத்துக்கொண்டிருக்கும்படி தெளிப்பான்கள் அமைத்தார்கள். ஆவிக் குழாய்க்கு வெளியே சூடு காக்கும் சுற்று போட்டு, ஆவி வழியிலேயே குளிராதபடி செய்தார்கள். குருட்டு முனைகள் நான்கையும் வெட்டி எடுத்து, உட்சுவரோடு சமமாக அடைத்தோம். எம்இஎச்க்யூவுக்கு ஆக்சிஜன் கிடைக்க, ரீபாய்லருக்குக் கீழே மிகக் குறைந்த அளவு காற்று, ரோட்டாமீட்டர் வழியாக அளந்து உள்ளே விடப்படுகிறது. காற்று என்றதும் எங்கள் பாதுகாப்பு அதிகாரி பதறினார்; பதறியது நியாயமே, ஏனெனில் கூடுதலாகப் போனால் தீப்பற்றும் கலவை உருவாகிவிடும். வேக்குவம் பம்ப் வெளியேற்றும் பக்கத்தில் ஆக்சிஜன் மீட்டர் பொருத்தி, எல்லை தாண்டினால் காற்று தானாக அடைபடும்படி பூட்டு வைத்த பிறகே தொடங்கினோம். இந்த மீட்டரின் செலவு எங்களுடையது. சேவை நிறுவனம் தரும் விலைப்பட்டியலில் இதுபோன்றவை இருக்காது. கணக்குப் போடுபவர்கள் சேர்த்துப் போட வேண்டும்.

மாத ஆய்வுகளுக்கு இடையில் எங்கள் ஆட்களே செய்துகொள்ளும்படி அவர்கள் கற்றுக்கொடுத்த மெத்தனால் சோதனை, எளிமைக்கு எளிமை, பயனுக்குப் பயன். சோதனைக் குழாயில் மெத்தனாலை எடுத்துக்கொண்டு, அதில் கோபுரத்து அடிச்சரக்கைச் சில துளி விட்டுக் குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். சரக்கு சுத்தமாக இருந்தால் மோனோமர் மெத்தனாலில் கரைந்து தண்ணீர்போலத் தெளிந்து நிற்கும். பாலிமர் உருவாகத் தொடங்கியிருந்தால் கழுநீர் கலந்ததுபோல் லேசாகக் கலங்கும். நிறைய இருந்தால் நூல் நூலாகத் திரிந்து அடியில் இறங்கும். முன்பெல்லாம் கோபுரத்தின் அடிக்கும் உச்சிக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு ஏறிய பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரியும். அதாவது வழி ஏற்கெனவே அடைபட்ட பிறகு. இப்போது இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் அந்தக் கலங்கலைப் பார்த்துப் பதிவேட்டில் 'தெளிவு', 'புகை', 'நூல்' என்று மூன்றில் ஒன்றை எழுதுகிறார். ஆனால் இந்தச் சோதனையை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. அக்ரிலிக் அமிலத்தின் பாலிமர் மெத்தனாலிலேயே கரைந்துவிடும் என்பதால் முன்கட்டங்களுக்கு இது உதவாது. பொரிப் பாலிமரோ வளர்ந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மாதிரி பாட்டிலுக்குள் வந்து தன்னைக் காட்டாது.

இனிக் குறைகள். 2024 ஜூனில் ஒரு நாள் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது, ரிஃப்ளக்ஸ் பம்ப் ஓடியது, கோபுரம் சூடாகவே இருந்தது. ஆனால் டோசிங் பம்ப் தொகுதியை அவர்கள் சாதாரண மின்வழியில் இணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாற்பது நிமிடம் இன்ஹிபிட்டர் ஒரு சொட்டுகூடப் போகாமல் கோபுரம் ஓடியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது பம்ப்பின் சத்தம் கேட்கவில்லையே என்று நின்று கவனித்த ஒரு ஒப்பந்தத் தொழிலாளி. பாலிமர் தடுப்பையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டதை என்னால் எளிதில் எடுத்துக்கொள்ள முடியவில்லை. மறு வாரமே ஜெனரேட்டர் வழிக்கு மாற்றி, ஓட்டம் நின்றால் மணியடிக்கும் ஏற்பாட்டையும் செய்துகொடுத்தார்கள். கூடவே, மின்சாரம் முழுமையாகப் போனாலும் நைட்ரஜன் சிலிண்டரின் அழுத்தத்தால் பிடிஇசட் கரைசலை ரீபாய்லருக்குள் தள்ளும் சிறு கலம் ஒன்றையும் வைத்தார்கள். இது முதல் நாளே வந்திருக்க வேண்டிய பொருள்.

மழைக்காலத்தில் வேறொரு தொல்லை. பிடிஇசட்டுக்கு எங்கள் எஸ்டரில் கரைதிறன் குறைவு. இரவில் குளிர் கூடியதும் டோசிங் குழாயின் வெளிப்புற வளைவில் மஞ்சள் படிகமாக இறங்கி அடைத்துக்கொண்டது. இரண்டு முறை அடைத்த பிறகு குழாய்க்குச் சூட்டுச் சுற்று போடச் சொன்னார்கள். கரைசலின் செறிவைச் சற்றுக் குறைத்திருந்தாலே போதும் என்பது என் கருத்து. செறிவைக் குறைத்தோம், அதன்பின் அடைக்கவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கோபுரத்தை முன்கூட்டியே நிறுத்தி, குளிரவைத்து, காலி செய்திருந்தோம். எந்த வரிசையில் நிறுத்த வேண்டும், கடைசிக் கழுவலில் எவ்வளவு இன்ஹிபிட்டர் இருக்க வேண்டும் என்று அந்தப் பொறியாளர் தொலைபேசியிலேயே இருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தன் வீட்டுக்குள் தண்ணீர் வந்துகொண்டிருந்ததை அவர் பிறகுதான் சொன்னார். மனிதர்களைப் பொறுத்தவரை இந்தச் சேவைமேல் எனக்குக் குறையே இல்லை. ஆனால் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகிய அந்த வாரத்தில் டிரம்கள் வந்து சேர ஐந்து நாள் தாமதமாகி, எல்லாம் தயாராக இருந்தும் கோபுரத்தைத் தொடங்க முடியாமல் காத்திருந்தோம். ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் என்ன நடக்கும் என்பது ஊரறிந்த விஷயம். சரக்கை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்த குறை வேறு. பிடிஇசட் தூள் தோலில் பட்டு, அந்த இடத்தில் வெயிலும் பட்டால் தோல் எரிந்து சிவந்துபோகும். டிரம்மில் ஒட்டியிருந்த எச்சரிக்கையும் பாதுகாப்புத் தாளும் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தன. அதைக் கரைக்கும் வேலையைச் செய்பவர்கள் குடிகாட்டிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தமிழை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள். ஒருவருக்கு முன்கை முழுவதும் சிவந்து, வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுக்கொண்டே நான்கு நாள் வேலைக்கு வந்திருக்கிறார். கையுறையின் விளிம்புக்கும் சட்டைக் கைக்கும் இடையில், வளையல்போல ஒரு பட்டை மட்டும் கன்றிப்போயிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காரணம் விளங்கியது. இதில் என் பொறுப்பும் உண்டு. ஆனாலும் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மட்டுமே சேவை நடத்தும் ஒரு நிறுவனம், தமிழில் ஒரு சீட்டு ஒட்டாததற்குச் சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லை.

2025 மார்ச்சில் ஆண்டுப் பராமரிப்புக்காகக் கோபுரத்தைத் திறந்தோம். மேல்மூடி ஈரத்தோடு பளிச்சென்று இருந்தது. மேன்ஹோல் கழுத்தில் விரலால் தேய்த்தால் வரும் மெல்லிய பிசுக்கு, அவ்வளவுதான். முன்பு ஐந்தாறு மாதத்தில் 12 மில்லிமீட்டர் பாதரசத்திலிருந்து 30ஐத் தாண்டிவிடும் அழுத்த வேறுபாடு, இடைப்பட்ட 14 மாதங்களில் 15ஐத் தாண்டவில்லை. முழுக்கச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன்: தெளிப்பான் எட்டாத ஒரு வெப்பமானிக் குழாயின் பின்புறத்தில் சுண்டைக்காய் அளவில் பொரிப் பாலிமர் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதை வேரோடு சுரண்டி எடுத்து, விதை எதுவும் தங்காதபடி அந்த இடத்தைச் சோடியம் நைட்ரைட் கரைசலால் கழுவிவிட்டோம். அந்தத் தெளிப்பானின் கோணத்தை மாற்றித் தரும் செலவை நிறுவனமே ஏற்றுக்கொண்டது.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: எங்கள் ஆலைக் கணக்கில், திட்டமிடாத ஒரு நிறுத்தத்துக்கு ஆகும் தொகையில் ஏறத்தாழப் பாதிதான் இந்த ஆண்டு ஒப்பந்தம். ஆண்டு முழுவதும் மோனோமரை வடிப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். மாதத்தில் ஒன்றிரண்டு பேட்ச் மட்டும் ஓட்டும் சிறிய ஆலைகளுக்கு இது அதிகம். அவர்கள் முதல் இரண்டு நாள் ஆய்வை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கி, குருட்டு முனைகளை வெட்டி எடுத்து, மெத்தனால் சோதனையைக் கற்றுக்கொண்டாலே பெரும்பகுதித் தொல்லை குறைந்துவிடும். கரைப்பானை மட்டும் மீட்டெடுக்கும் கோபுரங்களுக்கு இந்தச் சேவை தேவையே இல்லை.

ஒப்பந்தத்தை இரண்டு நிபந்தனைகளோடு புதுப்பித்திருக்கிறோம். ஐப்பசி பிறப்பதற்கு முன் மூன்று டிரம் கூடுதலாக எங்கள் கிடங்கில் இருக்க வேண்டும் என்பது ஒன்று. எல்லா டிரம்மிலும் தமிழ்ச் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது மற்றொன்று. சென்ற வாரம் சீட்டின் மாதிரியை அனுப்பியிருந்தார்கள். அதில் 'தோல் ஒளியுணர்வுத் தன்மையை ஏற்படுத்தலாம்' என்றிருந்த வரியை ஃபிட்டர் அண்ணன் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி அதை அடித்து, 'பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவு, வெயில் படவிடாதே' என்று எழுதிக் கொடுத்தார். அப்படியே அச்சடிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.